யார் நட்ட அக்ரூட்?

மனைவி அனிஸியா கொண்டுவந்த குச்சியை ஹரலாம்பி சந்தேகத்தோடு பார்த்தான்.

வெறும் குச்சிதான். இடுப்புயரம் இருக்கும். வேரை ஈரச் சாக்கில் சுற்றி, ஓர்ஹேய் நகரத்து நாற்றுப் பண்ணையிலிருந்து பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளையை இறக்குவதுபோல் மெதுவாக வாசற்படியில் சாய்த்து வைத்துவிட்டு, முக்காட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னது இது?"

"அக்ரூட்."

"அக்ரூட்டா? இந்த முற்றத்துலயா? வீட்டைத் தூக்கி ரோட்டுல வச்சுட்டு நடப்போறியா?"

"இது குள்ள ஜாதி. உன் தலைக்கு மேல ரெண்டு முழம் வளரும், அதோட நின்னுடும். ஒரு முள்ளங்கிப் பாத்தி அளவு இடம் போதுமாம். மூணாவது வருஷமே காய்க்குமாம், யோவ்!"

கடைசி வாக்கியத்தைப் பெருமை பொங்கச் சொன்னாள். ஹரலாம்பியைப் பயமுறுத்தியதும் அதுதான்.

ரெயூத் ஆற்றங்கரை ஊர்களில் இது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. அக்ரூட்டை நட்டவர், அதன் முதல் காய் வாய்க்குப் போன வருஷத்தில் போய்ச் சேருவார். அதனால் புத்தியுள்ள எவனும் அதை நடுவதில்லை. காக்காய் நடும். கொத்திக்கொண்டு போன கொட்டையை எங்கோ புதைத்துவிட்டு மறந்துபோகும், மரம் முளைக்கும், காக்காய் செத்தால் யாருக்கு என்ன? இல்லையென்றால் ஆடி அடங்கின கிழவர் யாராவது நடுவார். சாதாரண அக்ரூட் காய்க்கப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும் என்பதால் அவருக்கு அது நஷ்டமில்லாத பேரம். ஆனால் மூன்றாவது வருஷமே காய்க்கிற மரத்தை, ஐம்பதைத் தாண்டி நான்கைந்து வருஷம்தான் ஆன, கல்லுமாதிரி இருக்கிற ஒரு பெண்பிள்ளை நடுவதாவது!

"எங்கப்பா நட்டாரு. காய்ச்ச வருஷமே போயிட்டாரு" என்றான் ஹரலாம்பி.

"உங்கப்பாவுக்கு அப்ப எண்பத்தொண்ணு. போன அன்னிக்குக்கூட ஒரு குடம் வைன் உள்ள தள்ளியிருந்தாரு. பழியைத் தூக்கி மரத்து மேல போடாதே."

அந்த மரம் இன்னும் இருக்கிறது. கோயில் கூரை உயரத்துக்கு, வேலிக்கு அந்தப் பக்கம். தகப்பனார் போன பின் முற்றத்தை இரண்டாகப் பிரித்தபோது மரமும் நல்ல கிணறும் அண்ணன் பங்குக்குப் போயின. தம்பி பங்குக்குத் திராட்சைப் பந்தலும் மரத்தின் நிழலும் வந்தன. அந்த நிழலில் வெங்காயம்கூட முளைக்காது. அண்ணனும் காலமாகிவிட்டான். இப்போது மரத்துக்கு ராணி அண்ணி தெக்லா. மூன்று ஆண் பிள்ளைகளைப் பெற்று மூவரையும் இத்தாலிக்குக் கட்டடவேலைக்கு அனுப்பிவிட்டு, மிச்சமிருந்த வாயை ஓர்ப்படி அனிஸியாவிடம் செலவு செய்துகொண்டிருந்தாள்.

அந்த ஊரில் பேதுரு பவுல் திருநாளன்று வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்குப் பச்சை அக்ரூட் ஜாம் வைக்காத வீடு வீடே அல்ல. சின்னத் தட்டில் ஒரு முழுக் காய், கரண்டி, பக்கத்தில் ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர். ஓடு கெட்டியாகும் முன் காயைப் பறித்து, தோல் சீவி, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பாகில் காய்ச்ச வேண்டும். அனிஸியாவின் கைப்பக்குவத்தை மிஞ்ச ஆளில்லை. ஆனால் காய் தெக்லாவுடையது. வருஷாவருஷம் வேலியோரம் நின்று கேட்டு வாங்க வேண்டும். தெக்லா கொடுப்பாள், கொடுத்ததைத் திருநாளன்று எல்லா விருந்தாளிக்கும் சொல்வாள். போன திருநாளில் அனிஸியாவின் மேஜையிலேயே உட்கார்ந்துகொண்டு, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க, காய் என்னோடது, சர்க்கரை மட்டும்தான் அவளோடது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அனிஸியாவும் சிரித்தாள். அப்படி அவள் சிரித்தால் அதற்கு அர்த்தம் வேறு என்று ஹரலாம்பிக்குத் தெரியும்.

குழி தோண்ட அவன் மறுத்துவிட்டான். அனிஸியாவே மண்வெட்டியை எடுத்தாள். முற்றத்தின் நடுவில், வெயில் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்து வெட்டி, மக்கின சாணம் போட்டு, ஒட்டுப் போட்ட கணு மண்ணுக்கு மேலே நிற்கும்படி வைத்து மூடினாள். ஹரலாம்பி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வேலிக்கு மேல் தெக்லாவின் தலை தெரிந்தது.

"அனிஸியா! உன் சாவை நீயே மடியில வச்சுப் பஸ்ல கூட்டிட்டு வந்தியாமே?"

"ஆமா அக்கா. உனக்கும் ஒண்ணு வாங்கட்டுமான்னு நினைச்சேன், ஆனா உன்கிட்டதான் பெரிசா ஒண்ணு நிக்குதே."

தெக்லா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு தலையை இறக்கிக்கொண்டாள்.

மரம் பிடித்துக்கொண்டது. முதல் வருஷம் இலை விட்டது. இரண்டாவது வசந்தத்தில், யாரும் எதிர்பார்க்காதபடி, பூத்தும் விட்டது. நாற்றுப் பண்ணைக்காரன் சொன்ன கணக்குக்கு ஒரு வருஷம் முன்பாகவே சாவு கதவைத் தட்டுகிறது என்று ஹரலாம்பிக்குத் தோன்றியது. விடியற்காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் போய், தொங்கிக்கொண்டிருந்த நீளப் பூச்சரங்களையெல்லாம் உருவிப் போட்டான். நிம்மதியாகக் காபி குடித்தான். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அவன் உருவியது ஆண் பூவை. காயாகப் போவது கிளை நுனியில் பயறு அளவில், இரண்டு இறகு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மகரந்தம் கொடுக்கப் பக்கத்தில் தெக்லாவின் மரம் இருக்கும்போது இந்தச் சரம் எதற்கு? அவற்றையும் ஒன்று விடாமல் கிள்ளினான். அக்ரூட் சாறு பட்டு விரல் நுனி கறுத்துவிட்டது. எண்ணெய்ப் பிசுக்கு என்று சொல்லிச் சமாளித்தான். ஊர் டிராக்டர்களுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவன் விரலை யார் சந்தேகப்படுவார்கள்?

"பனி கருக்கிடுச்சு போல" என்றாள் அனிஸியா, வெறுங்கிளையைத் தடவியபடி. "அடுத்த வருஷம் பார்ப்போம்."

"ஆமா, பனிதான்" என்றான் அவன்.

அந்த வருஷத் திருநாளில் பந்தலுக்கடியில் மேஜை போட்டிருந்தார்கள். பக்கத்து ஊர் விருந்தாளி ஒருவர் குட்டி மரத்தைப் பார்த்து அதிசயப்பட்டார்.

"பூத்ததாமே? காய் நிக்கலையா?"

அனிஸியா பதில் சொல்வதற்குள் தெக்லா முந்திக்கொண்டாள். "அந்த முற்றத்துல இதுவரைக்கும் எதுதான் நின்னிருக்கு?"

அனிஸியாவுக்குக் குழந்தை இல்லை. இரண்டு முறை கரு நின்று, இரண்டு முறையும் தங்கவில்லை. ஊர் அதைப் பேசி ஓய்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. சுற்றுவட்டாரத்துப் பாதிக் குழந்தைகளுக்கு அவள்தான் ஞானத்தாய், எல்லாரும் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள், எனவே புண் ஆறிவிட்டது என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. தெக்லாவுக்கே சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்திருக்க வேண்டும். அவள் முகம் சிவந்தது. ஆனால் வெளியே விட்ட வார்த்தையை எப்படி உள்ளே இழுப்பது? அனிஸியா ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் சூடா கொண்டுவரேன்" என்று உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை.

ஹரலாம்பி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெக்லா சொன்னது பாவம் என்றால், அதைச் சொல்ல வைத்தது இந்த விரல்கள்.

இனிப் பூவைக் கிள்ளக் கூடாது என்று அன்றே முடிவு செய்தான். கிள்ளாவிட்டால் காய்க்கும். காய்த்தால் அனிஸியா போய்விடுவாள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடைக்காலம் முழுவதும் இருப்புக்கொள்ளாமல் கிடந்தவனுக்கு, திராட்சை பிழிகிற சமயத்தில் பளிச்சென்று ஒரு வழி தெரிந்தது. சாவு நட்டவரைத்தானே தேடி வரும்? பெரிய மரமானால் ஒன்றும் செய்ய முடியாது. இது குட்டி மரம். தோண்டி எடுக்கலாம்.

இலை உதிர்ந்த பின், அனிஸியா கண் டாக்டரைப் பார்க்க ஓர்ஹேய்க்குப் போன ஒரு பகலில், மண்வெட்டியோடு இறங்கினான். வேரில் மண் உதிராமல் சுற்றி வெட்டி, கோணியில் உருட்டி வெளியே எடுத்தான். நேர்கீழே போகிற ஆணிவேர் ஒன்று அறுபட்டது. அவனுக்குத் தன் பல்லைப் பிடுங்கினதுபோல் இருந்தது. மரத்தை வெளியில் வைத்துவிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி அதே குழியில் இறக்கி மூடினான். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினான். பிறகு, கணக்குத் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக, மரத்துக்கு எதிரில் நிமிர்ந்து நின்று சத்தமாகச் சொன்னான்:

"உன்னை நட்டது நான். ஹரலாம்பி. கிரிகோரே மகன். கேட்டுக்கிட்டியா?"

மரம் கேட்டதோ இல்லையோ, தெக்லா கேட்டுக்கொண்டிருந்தாள். அனிஸியா பேருந்திலிருந்து இறங்கும்போது அவள் அங்கே காத்துக்கொண்டிருந்தாள்.

கைப்பையைக் கீழே வைக்காமலேயே அனிஸியா முற்றத்துக்கு வந்தாள்.

"மரத்தைப் பிடுங்கினியாமே?"

"பிடுங்கி மறுபடி நட்டேன்."

"எதுக்கு?"

"இப்ப நட்டது நான். இனிமே காய்ச்சா அது என் பாடு. நீ நிம்மதியா ஜாம் போடு."

அனிஸியா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேசாமல் நிற்கிற அனிஸியாவைச் சமாளிக்க அவனுக்கு என்றுமே தெரியாது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"போன வசந்தத்துல பூவைக் கிள்ளினதும் நான்தான். பனி இல்ல."

கைப்பை பறந்து வந்து அவன் தோளில் பட்டது. கண் மருந்துப் புட்டி உருண்டோடியது.

"அட பாவி! ஆறு மாசமா... ஆறு மாசமா என் கைதான் ராசியில்லாத கைன்னு நினைச்சுக்கிட்டுப் படுத்தேனே! நான் தொட்டா எதுவும் நிக்காதுன்னு! பக்கத்துலயே படுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தியே யோவ்!"

"நீ செத்துடுவேன்னு பயந்தேன்."

"அதுக்கு?"

"நீ இல்லாம எனக்கு என்ன தெரியும்? களிகூடக் கிண்டத் தெரியாது."

அவள் அழுதாள். அழுதுகொண்டே மண்வெட்டியை எடுத்தாள். அவன் காலையில் மூடிய மண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது, மடமடவென்று வந்தது.

"என்ன பண்ற, பொம்பளை?"

"நான் வாங்கினது, நான் நட்டது. என் சாவை நீ எடுத்துக்க நீ யாரு? நீ போயிட்டா நான் யார்கூடச் சண்டை போடுவேன்? தெக்லா கூடவா?"

"விடு!"

"நீ விடு!"

அவள் வேர்ப்பக்கம் பிடித்து இழுத்தாள். அவன் தண்டைப் பிடித்துக்கொண்டான். மரம் அன்று இரண்டாம் முறையாக வெளியே வந்து இருவருக்கும் நடுவில் ஊசலாடியது. வேலி நெடுகத் தலைகள் முளைத்தன. பால் கறந்துகொண்டிருந்தவர்கள்கூட வாளியோடு வந்துவிட்டார்கள்.

"மரம் செத்துடும், பைத்தியங்களா! வேர் காயுது!" என்று தெக்லாதான் கத்தினாள்.

அந்தச் சத்தத்தில் இருவருக்கும் புத்தி வந்தது. ஆனால் யாரும் கையை எடுக்கவில்லை. எடுத்தால் மற்றவர் நட்டுவிடுவார். கடைசியில் ஒரு கை தண்டிலும் ஒரு கை மண்ணிலுமாக, ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே இருவரும் மண்டிபோட்டு மரத்தைக் குழியில் இறக்கினார்கள். சேர்ந்தே மண்ணைத் தள்ளினார்கள். சேர்ந்தே மிதித்தார்கள்.

"இப்ப யார் நட்ட கணக்கு?" என்றாள் தெக்லா. இந்த விஷயத்தின் சட்டதிட்டமெல்லாம் அவளுக்குத்தான் அத்துப்படி, அவளே குழம்பிப்போயிருந்தாள்.

"உனக்கு எதுக்கு? சவப்பெட்டி செய்ய அளவெடுக்கப் போறியா?" என்றாள் அனிஸியா. முகமெல்லாம் மண். ஹரலாம்பி தன் தொப்பியால் அதைத் துடைத்துவிட்டான், இன்னும் அழுக்காகிவிட்டது.

குளிர்காலம் முழுவதும் மரம் வைக்கோல் போர்த்திக்கொண்டு நின்றது. பிழைக்காது என்று ஊர் பேசியது. ஏப்ரல் கடைசியில் மொட்டு வீங்கியது. மே மாதம் இலையும் பூவும் சேர்ந்தே வந்தன. வேர் அறுபட்ட மரம், இனித் தாமதித்தால் ஆகாது என்று நினைத்ததுபோல், நுனிக்கு நுனி காய்ப்பூ வைத்திருந்தது. ஹரலாம்பி அதைத் தினமும் தூர நின்று பார்த்தான். கிட்டே போனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பிறகு அந்தப் பனி வந்தது.

அன்று அனிஸியா ஊரில் இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம், ஞானத்தாய் இல்லாமல் நடக்காது, ராத்தங்கல். மத்தியானமே வானம் கண்ணாடிபோல் துடைத்துக்கொண்டது. காற்று நின்றது. பொழுது சாயும்போது ரேடியோவில் சொன்னார்கள், விடியலுக்குள் உறைபனி நிச்சயம் என்று.

ஹரலாம்பி வாசற்படியில் உட்கார்ந்தான். அவனைப் பொறுத்தவரை ஆண்டவனே இறங்கி வந்து வேலையை முடித்துக்கொடுக்கப் போகிறார். அவன் விரலை அசைக்க வேண்டியதில்லை. பூ கருகும். யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இந்த வருஷம் முழுவதும் அனிஸியாவும் இருப்பாள், அவனும் இருப்பான், காலையில் களி, மாலையில் சண்டை. இதைவிட என்ன வேண்டும்? எழுந்து உள்ளே போய் ஒரு கோப்பை வைன் ஊற்றிக்கொண்டான்.

வேலிக்கு அப்பால் தெக்லா பெரிய மரத்தடியில் ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டிருந்தாள். புகை இடுப்பளவுக்கு எழுந்து படுத்துக்கொண்டது. கிளைகள் எங்கோ உயரத்தில் இருந்தன. இத்தாலியில் இருக்கிற மூன்று மகன்களும் வந்து நின்றாலும் அந்த மரத்தைப் போர்த்த முடியாது. அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே தெரிந்த புனிதர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

ஹரலாம்பி கோப்பையோடு குட்டி மரத்தைப் பார்த்தான். அது அவன் தோள் உயரம்தான் இருந்தது.

போர்த்தலாம் இதை.

நாளைக் காலை அனிஸியா வருவாள். கறுத்த பூவைப் பார்ப்பாள். இந்த முறை நிஜமாகவே பனி என்று அவள் நம்புவாளா? நம்பினாலும், எதுவும் நிற்காத முற்றம் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ள மாட்டாளா? உயிரோடுதான் இருப்பாள். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருப்பாள். அப்படி ஒரு அனிஸியாவை அவன் ஒரு கோடை முழுவதும் பார்த்துவிட்டான். இன்னொரு கோடை பார்க்க அவனால் ஆகாது.

"செத்தா சாகறோம், போ" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தான்.

வீட்டில் சாக்கு இருந்தது; ஈரம். தார்ப்பாய் டிராக்டரோடு வயலில் கிடந்தது. கனமாக, உலர்ந்ததாக, பெரியதாக இருந்தது ஒன்றே ஒன்று. விருந்தாளிக்கென்று வைத்திருந்த நல்ல அறையின் சுவரை அடைத்துக்கொண்டு தொங்குகிற, சிவப்பு ரோஜாக்கள் நெய்த கம்பளி விரிப்பு. அனிஸியாவின் அம்மா வீட்டுச் சீர். அதன் மேல் ஈ உட்கார்ந்தாலே அவள் துண்டை எடுப்பாள். ஹரலாம்பி நாற்காலி போட்டு ஏறி அதை இறக்கினான். மரத்தைச் சுற்றி நான்கு கம்பு ஊன்றி, கிளை முறியாமல் கூடாரம் மாதிரி விரித்தான். மேலே இரண்டு மெத்தைவிரிப்பு. அடியில் ஒரு மண்சட்டியில் தணல், அதன் மேல் சாணி வறட்டி.

தெக்லா வேலியில் கையூன்றிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீயா? அதைக் காப்பாத்தறது நீயா?"

"ஏன் அண்ணி, நான் நட்ட மரம்."

"அது காய்ச்சா..."

"தெரியும். போய் உங்க புகையைப் பாருங்க."

காலையில் அனிஸியா முதல் பேருந்தில் வந்தாள். வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். சாலையோரத்து அக்ரூட் மரங்கள் ஒன்றுவிடாமல் வெந்த கீரைபோல் தொங்கிக்கொண்டிருந்தன. தெக்லாவின் மரம் உச்சி முதல் அடி வரை கறுத்திருந்தது. தெக்லா அதனடியில் குப்புறக் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தாள். அனிஸியா தன் வாசலைத் திறந்தாள். முற்றத்தின் நடுவில் வெள்ளைப் பனி மூடிய சிவப்பு ரோஜாக்கள் நின்றுகொண்டிருந்தன.

"என் சீர்க் கம்பளம்!" என்று ஓர் அலறல் கிளம்பி, பாதியில் நின்றது. விரிப்பின் ஓரத்தைத் தூக்கினாள். உள்ளே கதகதவென்று, சாணிப்புகை நாற்றத்தோடு, பச்சையாக இருந்தது. பச்சையின் நுனியில் இரண்டிரண்டாகக் காய்ப்பூக்கள் இருந்தன.

அவள் வெகுநேரம் தலையை உள்ளே விட்டபடியே குனிந்திருந்தாள். ஹரலாம்பி பக்கத்தில் சாம்பல் படிந்த முகத்தோடு நின்றான்.

"யோவ்" என்றாள் கடைசியில். "சமையலறையில இன்னொரு விரிப்பு இருந்துச்சே. அதையும் போட்டிருக்கலாம்ல. குளிர்ந்திருக்கும் பாவம்."

ஜூன் கடைசியில், அந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் பெண்களின் கைகள் வெள்ளையாக இருந்தன. அக்ரூட் தோல் சீவினால் கை கன்னங்கரேலென்று ஆகிவிடும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் வாரக்கணக்கில் போகாது; அந்தக் கறை இல்லாத ஜூன் மாதத்தை அங்கே யாரும் கண்டதில்லை. அனிஸியாவின் கை மட்டும் கறுத்திருந்தது. கையுறை போடாமல் கோயிலுக்குப் போனாள். மெழுகுவர்த்தி ஏற்றுகிற சாக்கில் கையை ஏற்றிப் பிடித்தாள். பாதிரியார்கூடப் பிரசங்கத்தின் நடுவே இரண்டு முறை அந்தக் கையைப் பார்த்தார் என்று சொல்கிறார்கள்.

ஒரு தொப்பி நிறையக் காய். ஒரு பெரிய ஜாடி ஜாம்.

பாகு ஆறியதும் முதல் காயைக் கரண்டியில் எடுத்தபோது, ஹரலாம்பி அதைப் பிடுங்கப் பார்த்தான். அவள் கத்தியால் இரண்டாக வெட்டிவிட்டாள். ஆளுக்குப் பாதி. ஒரே நேரத்தில் வாயில் போட்டுக்கொண்டார்கள்.

"எப்படி இருக்கு?"

"கிராம்பு கொஞ்சம் தூக்கல்" என்றான் ஹரலாம்பி. பிறகு நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, தலைமாட்டில் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் வைத்துக்கொண்டு, கையை மார்பில் மடித்துக் கட்டிலில் படுத்தான். அனிஸியா முற்றம் பெருக்கினாள், கோழிக்கு இரை போட்டாள், ஜாடியை மூடினாள். சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"போயிட்டியா?"

"இல்ல. வருஷம் இன்னும் முடியலையே."

"வருஷம் முடியற வரைக்கும் படுத்திருக்கப் போறியா? அப்ப மாட்டுக்குப் புல்லு யார் வைக்கிறது? களி ஆறுது."

களி என்றதும் அவனுக்குப் பசி தெரிந்தது. யோசித்துப் பார்த்தால், சாவுக்குக் காத்திருப்பது ரொம்பப் பசி எடுக்கிற வேலையாகத்தான் இருந்தது. எழுந்து வந்து இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். வர வேண்டியது வருகிற அன்று வரட்டும், அதுவரை நான் இவளோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பேன் என்று நினைத்தபோது, இரண்டு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எழுந்து போயிருந்தது.

பேதுரு பவுல் திருநாளன்று ஊரில் எந்த வீட்டு மேஜையிலும் அக்ரூட் ஜாம் இல்லை. பத்து மணிக்கெல்லாம் அனிஸியாவின் வாசலில் கூட்டம். மூன்று ஊர் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். ஞானப் பிள்ளைகள் வந்திருந்தார்கள், அவர்களின் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். "அம்மா, எனக்கு!" "அம்மா, இங்க!" என்று முற்றம் முழுவதும் ஒரே கூச்சல். அனிஸியா ஒரு காயை நாலாக வெட்டி எல்லாத் தட்டுக்கும் வைத்தாள்.

"இவ்வளவு குட்டி மரத்துலயா? யாருங்க நட்டது?" என்று அசலூர்க்காரர் ஒருவர் கேட்டார்.

"நான்தான்!" என்றாள் அனிஸியா.

"நான்தான்!" என்றான் ஹரலாம்பி, அதே நொடியில், அவளைவிடச் சத்தமாக.

"யோவ், குழி வெட்டக்கூட வரமாட்டேன்னு நின்ன ஆளு நீ!"

"ரெண்டாவது தடவை நட்டதுதானே பிடிச்சுது!"

"மூணாவது தடவை!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த வசந்தத்துக்கு எங்களுக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்று இரண்டு பேர் கேட்டார்கள்; இருவருமே நாற்பது வயதுக்காரர்கள். நடுவதற்கு ஹரலாம்பியே வந்தால் நல்லது, அவர் கை ராசியான கை என்றார் ஒருவர்.

தெக்லா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். இந்த வருஷம் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் எப்படி வருவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அனிஸியா பார்த்தாள். அலமாரியிலிருந்து புதுத் தட்டு ஒன்றை எடுத்தாள். ஜாடிக்குள் கரண்டியை விட்டு, வெட்டாத ஒரு முழுக் காயை, இருந்ததிலேயே பெரியதை, எடுத்து வைத்தாள். ஒரு டம்ளர் தண்ணீரோடு வேலி வரை போய், கறுத்த கையால் நீட்டினாள்.

"இந்தா அக்கா. காயும் என்னோடது, சர்க்கரையும் என்னோடது."

தெக்லா வாங்கினாள். முழுக் காயையும் வாயில் போட்டுக்கொண்டாள். கன்னம் உப்பியது. இரண்டு முறை மென்றாள். கண்ணில் பொலபொலவென்று நீர் வந்துவிட்டது.

"அனிஸியா... நான் அன்னிக்கு... உன் முற்றத்தைப் பத்தி..."

"வாயில அக்ரூட்டை வச்சுக்கிட்டுப் பேசாதே. அடைச்சுக்கும். முதல்ல மென்னு முழுங்கு."

தெக்லா மென்று விழுங்கினாள். தண்ணீரைக் குடித்தாள். பிறகு காலித் தட்டை மறுபடி நீட்டினாள்.